வேரில் ஊற்றிய மருந்து

எங்கள் குடியிருப்பில் அவர் கண்ணில் படாமல் எதையும் கீழே கொட்டியவர்கள் கிடையாது. நான் முயன்று பார்த்திருக்கிறேன். அயனம்பாக்கத்துக்குக் குடிவந்த புதிதில், மாடிப்படி துடைத்த பினாயில் தண்ணீர் வாளியில் கொஞ்சம் மிச்சமிருந்தது. வேலியோரமாக ஊற்றிவிடலாம் என்று வாளியைச் சாய்த்தேன். பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

"அது எங்க போவும்?"

திரும்பினேன். தரைத்தளத்து வீட்டு அம்மா. அறுபது வயது இருக்கும். நைட்டியின் மேல் ஒரு துண்டு, கையில் அரிசி முறம். கோபமாக ஒன்றும் கேட்கவில்லை. இந்த பஸ் எங்கே போகும் என்று கேட்பது போலத்தான் கேட்டார்.

"மண்ணுக்குத்தான் ஆன்ட்டி."

"மண்ணுல போயி?"

"அப்படியே காஞ்சிடும்."

"தண்ணி காஞ்சிடும். பினாயிலு எங்க போவும்?"

வாளியைத் தூக்கிக்கொண்டு மூன்றாவது மாடிக்கு ஏறி, கழிவறையில் ஊற்றினேன். அங்கிருந்து எங்கே போகும் என்று அவர் கேட்பதற்குள் கதவைச் சாத்திக்கொண்டேன்.

அவர் பெயர் எனக்குத் தெரியாது. அடுக்ககத்தில் ஆண்கள் பெயர் கதவில் இருக்கும், பெண்கள் பெயர் கூரியர்காரருக்கு மட்டும் தெரியும். அவருக்குக் கூரியர் வந்து நான் பார்த்ததில்லை. தரைத்தளத்து ஆன்ட்டி என்றால் எல்லாருக்கும் புரியும். பிறந்தது திருமுல்லைவாயில். கணவர் ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். காலமெல்லாம் குவார்ட்டர்ஸில் இருந்துவிட்டு இங்கே வந்தார்கள். மற்றவர்கள் பெரும்பாலும் திண்டுக்கல், தஞ்சாவூர், நாகர்கோவில் என்று எங்கெங்கிருந்தோ கம்ப்யூட்டர் வேலைக்கு வந்து, வங்கிக் கடனில் வீடு வாங்கியவர்கள். இந்த வட்டாரத்தில் பிறந்தவர் அவர் ஒருவர்தான். சொந்த மண் என்கிற உரிமையில் கேட்கிறார் போலிருக்கிறது என்று முதலில் நினைத்தேன். அப்படியில்லை. மண்ணைப் பற்றி மட்டும் அவர் கேட்கவில்லை, எதைப் பற்றியும் கேட்பார்.

மாமியாரின் காலாவதியான மாத்திரைகளைக் கழிவறையில் போட்டுத் தண்ணீர் விட்டுவிட்டேன் என்று பேச்சுவாக்கில் சொன்னாள் பக்கத்து வீட்டுப் பெண். அவ்வளவுதான். அது எங்கே போகும்? குழாயில் போகும். குழாய் எங்கே போகும்? தொட்டிக்கு. தொட்டி நிரம்பினால்? லாரி வரும். லாரி எங்கே கொட்டும்? இப்படியே போய்க் கடைசியில் அயனம்பாக்கம் ஏரிக்கு வந்து சேர்ந்தார். ஏரி ஊறித்தான் நம் போர்வெல்லில் தண்ணீர் வருகிறது, உங்கள் மாமியாரின் சர்க்கரை மாத்திரையை நான் எதற்குச் சாப்பிட வேண்டும் என்பது அவர் கட்சி. அந்தப் பெண் அதற்குப் பிறகு கீழே இறங்கும்போது செல்போனைக் காதில் வைத்துக்கொண்டே இறங்க ஆரம்பித்தாள். அழைப்பில் யாரும் இருக்க மாட்டார்கள்.

உண்மையைச் சொன்னால் எனக்கும் எரிச்சலாகத்தான் இருக்கும். அலுவலகத்தில் நாள் முழுக்கக் கேள்வி கேட்கிறார்கள், வீட்டுக்கு வந்தால் கேட்டில் இவர். அவர் கணவரைப் பார்த்தால்தான் ஆறுதல். அந்த மனிதர் வாழைப்பழம் சாப்பிட்டால் தோலைக் கையிலேயே வைத்துக்கொண்டு மனைவியைப் பார்ப்பார். உத்தரவு வந்த பிறகுதான் நகர்வார்.

ஒரு கோடையில் அவர் வீட்டு வாசலில் இருந்த தொட்டிச் செம்பருத்திக்கு மாவுப்பூச்சி வந்தது. இலைக்கு அடியிலும் கணுவிலும் வெள்ளையாகப் பஞ்சு ஒட்டியதுபோல. தண்ணீரைப் பீய்ச்சியடித்தார். சோப்புத் தண்ணீர் தெளித்தார். வேப்பெண்ணெய் தெளித்தார். பழைய பல் துலக்கியால் ஒவ்வொரு கணுவாகத் தேய்த்தார். பூச்சி போவதும் வருவதுமாக இருந்தது. கடைசியில் வானகரத்தில் ஒரு செடிக்கடைக்குப் போனார். கடைக்காரர் சின்ன பாட்டில் ஒன்றைக் கொடுத்தார். இது ஊடுருவிப் பாயும் மருந்து, தண்ணீரில் கலந்து வேரில் ஊற்றினால் போதும், செடியே குடித்துக்கொண்டு தண்டு, இலை, பூ என்று எல்லா இடத்துக்கும் கொண்டுபோய்விடும், சாறு உறிஞ்சுகிற பூச்சி எதுவானாலும் செத்துவிடும் என்று சொல்லியிருக்கிறார். எது எங்கே போகும் என்று கேட்டுக்கொண்டிருக்கிற ஒருவரிடம், எல்லா இடத்துக்கும் போகும் என்று சொல்லி ஒரு பொருளை விற்ற மனிதர் அவர்.

பாட்டில் திறக்கப்படாமலே பல நாள் டிரங்குப் பெட்டிக்குள் இருந்தது. அதோடு வந்த தாளில் எழுத்து கடுகு மாதிரி இருக்கும். ஆன்ட்டி அதைக் கணவரின் பூதக்கண்ணாடியை வைத்துப் படித்தார். பிறகு ஒருநாள் சாயங்காலம் காற்று அடங்கியதும் வேலை ஆரம்பமானது. முதலில் துளசி, ஓமவல்லி, கறிவேப்பிலைத் தொட்டிகள் எல்லாம் கட்டடத்தின் பின்பக்கத்துக்குக் குடிபெயர்ந்தன. அப்புறம் செம்பருத்தியில் பூத்திருந்த பூவையும் மொட்டையும் ஒன்று விடாமல் நறுக்கினார்.

"இருக்கிற பூவ ஏன் ஆன்ட்டி வெட்டறீங்க?"

"மருந்து பூவுக்குள்ள வந்துரும். தேனீ வந்து குடிச்சா? அதுக்கு இன்னா தெரியும், பாவம்."

கையில் ரப்பர் உறை, முகத்தில் துணி, உடம்பில் கணவரின் மழைக்கோட்டு. அக்னி நட்சத்திரத்தில் மழைக்கோட்டோடு ஒருவர் செம்பருத்தி முன்னால் நின்றால் கூட்டம் கூடாமல் என்ன செய்யும்? பூனையையும் எங்களையும் கிட்டே விடாமல் பார்த்துக்கொள்வது கணவரின் பொறுப்பு. பழைய இருமல் மருந்து மூடியால் அளந்தார். அளந்த மூடியில் சிவப்பு நூலைச் சுற்றி, பாட்டிலோடு சேர்த்துக் கட்டினார், தப்பித்தவறிச் சமையலறைக்குப் போய்விடக் கூடாது என்று. மண்ணை முன்கூட்டியே நனைத்து வைத்திருந்தார். மருந்துத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக, குழந்தைக்குச் சங்கில் பால் புகட்டுகிற மாதிரி ஊற்றினார்.

அப்படியும் தொட்டிக்கு அடியில் இருந்த தட்டில் கொஞ்சம் வடிந்தது. லாரித் தண்ணீர் வாங்கிப் பழகிய ஊர் இது. தட்டில் வடிந்த தண்ணீரை அடுத்த செடிக்கு ஊற்றாதவர் யார் இருக்கிறார்கள்? உதவி செய்கிற நினைப்பில் நான் தட்டை எடுத்துக்கொண்டு கறிவேப்பிலை இருந்த பக்கம் நடந்தேன்.

"வெய் கீய," என்றார்.

அந்தக் குரலை அதற்கு முன் நான் கேட்டதில்லை. வைத்துவிட்டேன். தட்டைத் தானே எடுத்து அந்தத் தண்ணீரை அதே செம்பருத்தித் தொட்டியில் திரும்ப ஊற்றினார். "இதுங்கிட்டேந்து வந்தது இதுக்கே போவணும். அந்தக் கறிவேப்பிலைய நாளிக்கு நீதான் பறிச்சிகினு போயி ரசத்துல போடுவ," என்றார். பிறகு கையைச் சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவி, பாட்டிலை டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டி, சாவியைத் தாலிக் கயிற்றில் முடிந்துகொண்டார்.

பதினைந்து இருபது நாளில் பூச்சி உதிர்ந்துவிட்டது. செம்பருத்தி புதுத் துளிர் விட்டது. அதற்குப் பிறகும் பல மாதம் அதில் வந்த மொட்டை எல்லாம் நறுக்கிக்கொண்டே இருந்தார். பூக்காத செம்பருத்தியை எதற்கு இவ்வளவு பாடுபட்டுக் காப்பாற்றினார் என்று எங்களுக்கெல்லாம் சிரிப்பு. ஆனால் மருந்து நன்றாக வேலை செய்கிறது என்கிற செய்தி மட்டும் மாடி மாடியாக ஏறிவிட்டது. வினை அதில்தான் வந்தது.

குழந்தைகள் விளையாடுகிற இடத்தைச் சுற்றி எங்களுக்கு இட்லிப்பூ வேலி உண்டு. இட்லிப்பூவைப் பறித்து, நடுவில் இருக்கிற நரம்பை மெதுவாக இழுத்தால் அடியில் ஒரு சொட்டுத் தேன் வரும். அதை நாக்கில் வைத்துக்கொள்ளாத குழந்தை நம் ஊரில் கிடையாது. எங்கள் குடியிருப்பிலும் பள்ளி வேன் வந்து நின்றதும் ஊஞ்சலுக்கு முன்னால் வேலிக்குத்தான் ஓடுவார்கள். என் மகள் யாழினி அப்போது யூகேஜி. அவளுக்கு ஊஞ்சல் கூட இரண்டாம் பட்சம்.

அந்த வேலியிலும் மாவுப்பூச்சி வந்தது, கூடவே எறும்பு. சங்கத் தலைவர் கார் நிறுத்துமிடத்தில் கூட்டம் போட்டார். வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர், நல்ல மனிதர். எந்தக் காரியமும் சுவிட்ச் போட்டால் விளக்கு எரிவது மாதிரி முடிந்துவிட வேண்டும் அவருக்கு.

"மேடம், உங்க செம்பருத்திக்கு ஊத்துனீங்களே, அந்த மருந்தையே வேலிக்கும் ஊத்திடலாம்," என்றார்.

"வேணாம் சார். பசங்க தேன் குடிக்கிற செடி."

"ஸ்ப்ரே பண்ணாத்தானே மேடம் பூ மேல படும்? இது வேர்ல ஊத்தறது. பூ மேல ஒரு துளி படாது."

"மேல படாது சார். உள்ள கீது."

"சரி, எதுக்கும் மறுநாள் பைப் வெச்சுக் கழுவிட்டா?"

"மேல கீறத கயுவலாம். உள்ள கீறத எப்பிடி சார் கயுவுவ?"

தலைவர் மற்றவர்களைப் பார்த்துச் சிரித்தார். மற்றவர்களும் சிரித்தார்கள். ஆன்ட்டி சொன்னது தவறு என்று யாரும் நினைக்கவில்லை, இவர் எப்போதும் இப்படித்தான் என்று நினைத்தார்கள். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று கூட்டம் கலைந்தது.

அந்தச் சமயத்தில் ஓசூரில் இருக்கிற ஆன்ட்டியின் மகனுக்குக் குழந்தை பிறந்தது. ஆன்ட்டி கிளம்பிப் போனார். தலைவர் தோட்டக்காரர் ஏழுமலையிடம் மருந்து வாங்கி வரச் சொல்லி வேலி முழுக்க ஊற்றச் செய்தார். நியாயமாகப் பேச வேண்டும், அவர் எச்சரிக்கைப் பலகையும் வைத்தார். பூக்களைத் தொடாதீர்கள் என்று அழகான ஆங்கிலத்தில், பெரியவர்கள் கண்ணுக்கு நேராக. யாழினிக்கு ஆங்கிலத்தில் அப்போது பூனை, எலி, தொப்பி ஆகிய மூன்றும்தான் வாசிக்கத் தெரியும். எனக்கு வாசிக்கத் தெரியும். ஆனால் புல்வெளியில் நடக்காதே, பூவைத் தொடாதே என்பதெல்லாம் எல்லா இடத்திலும் இருக்கிற பலகைகள்தானே என்று தாண்டிப் போய்விட்டேன்.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து ஒரு விடுமுறை நாள் மத்தியானம் ஆன்ட்டி ஓசூரிலிருந்து திரும்பினார். வேலியில் செத்துக் காய்ந்த மாவுப்பூச்சியை வாசலிலேயே பார்த்திருக்கிறார். பையைக் கீழே வைக்காமலே ஏழுமலையைக் கூப்பிட்டார். நான் பால்கனியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். பேச்சு மேலே கேட்டது.

"வேலிக்கு இன்னாடா ஊத்தன?"

"தலைவரு ஊத்த சொன்னாரு யக்கா. அதான் ஊத்தனேன்."

"எவ்ளோ ஊத்தன?"

"கொஞ்சம் தாராளமாத்தான் ஊத்திகீறேன். நல்லா புடிக்கட்டும்னு."

"பாட்டிலு எங்க?"

"குப்பைல கடாசிட்டேன் யக்கா. அது எதுக்கு?"

அவர் நேராகக் குப்பைத் தொட்டிக்குப் போய், ஒரு குச்சியால் கிளறி, பாட்டிலை எடுத்து பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டார். பிறகு மாடி ஏற ஆரம்பித்தார். குழந்தை இருக்கிற ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தட்டினார். எங்கள் வீட்டுக்கு வரும்போது மூச்சு வாங்கியது.

"கொயந்த எங்க?"

யாழினி சோபாவில் படுத்திருந்தாள். காலையிலிருந்து கீழே விளையாடிவிட்டு வந்து, சாப்பாடு வேண்டாம், வயிறு ஒரு மாதிரி இருக்கிறது என்று படுத்தவள். வெயில் என்று நினைத்திருந்தேன். ஆன்ட்டி அவள் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் கவுனிலிருந்து ஒரு சிவப்பு இதழை விரலால் எடுத்தார்.

"பூ சாப்ட்டியா கண்ணு?"

யாழினி என்னைப் பார்த்தாள். "ரெண்டு மூணு," என்றாள்.

அப்புறம் ஆட்டோ பிடித்தது அவர். குழந்தையைத் தூக்கிக்கொண்டதும் அவர். அம்பத்தூரில் ஒரு மருத்துவமனைக்குப் போனோம். என்ன மருந்து என்று டாக்டர் கேட்டதும் நான் ஏதோ பூச்சி மருந்து என்றேன். ஆன்ட்டி பையைத் திறந்து பாட்டிலையே நீட்டினார். டாக்டர் லேபிளைப் படித்தார். நாடி பார்த்தார், கண்ணில் டார்ச் அடித்தார், அவளை நடக்கச் சொன்னார்.

"ரெண்டு மூணு பூவோட தேன்னா உடம்புக்குள்ள போனது ரொம்பக் கம்மியா இருக்கும். பயப்படாதீங்க. ஒரு மணி நேரம் வெச்சுப் பாத்துட்டு அனுப்பறேன்," என்றார். எனக்கு உயிர் வந்தது.

யாழினி பாத்ரூம் போக வேண்டும் என்றாள். நான் கணவருக்கு ஃபோன் செய்துகொண்டிருந்ததால் ஆன்ட்டி அழைத்துப் போனார். திரும்பி வர நேரமாயிற்று. வந்தவர் குழந்தையைப் படுக்க வைத்துவிட்டு நேராக டாக்டர் அறைக்குள் போனார். கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தேன். டாக்டரிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார், டாக்டர் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். மருத்துவமனைக் கழிவுநீர் எங்கே போகும் என்று கேட்கிறார் போலிருக்கிறது, பாவம் அந்த டாக்டர் என்று நினைத்துக்கொண்டேன்.

டாக்டர் வெளியே வந்தார். ரத்தம் எடுக்கச் சொன்னார். இரவு எட்டு மணி வரை இருக்கட்டும் என்றார். இரண்டு மூன்று பூவுக்கு எதற்கு இவ்வளவு என்று எனக்குக் கடுப்பாகிவிட்டது. ஆன்ட்டியிடம் சொல்லவும் சொன்னேன். "இருக்கட்டும்மா. இட்லி வாங்கியாரட்டா?" என்றார். அவர் அன்று ஒன்றும் சாப்பிடவில்லை. படுக்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து குழந்தையின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார், எச்சில் ஒழுகுகிறதா என்று. குழந்தை கண்ணை மூடினால் காலைத் தட்டுவார். எட்டு மணிக்கு யாழினி மூன்று இட்லி சாப்பிட்டுவிட்டு ஐஸ்கிரீம் கேட்டாள். வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மற்ற வீட்டுக் குழந்தைகள் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

மறுநாள் பொழுது விடிந்து பார்த்தால் வேலியில் ஒரு பூ இல்லை. மொட்டும் இல்லை. ரப்பர் உறையும் முகத்துணியுமாக ஆன்ட்டி கத்தரிக்கோலோடு நின்றிருந்தார். ஆயுத பூஜைக்குக் கார்களுக்கெல்லாம் கட்டலாம் என்று அந்தப் பூக்களைத் தலைவர் கணக்குப் பண்ணி வைத்திருந்தார். நறுக்கிய பூக்களை ஏழுமலை காம்பவுண்டுக்கு வெளியே கொட்டப் போனான்.

"ஏழுமல, அது எங்க போவும்?"

"மாடு துன்னும் யக்கா."

"மாட்டுப் பாலு?"

ஏழுமலை கூடையைக் கீழே வைத்துவிட்டான். பூக்கள் இரட்டைப் பையில் கட்டப்பட்டுக் குப்பை வண்டியில் போயின.

பொதுச் சொத்தைச் சேதப்படுத்தியதாகச் சங்கம் அவரைக் கூப்பிட்டுக் கேட்டது. பிள்ளைகள் பூவைச் சாப்பிடுகிற வரைக்கும் நறுக்குவேன் என்றார். மருந்து எத்தனை நாள் பூவில் இருக்கும், அதையாவது சொல்லுங்கள் என்றார் தலைவர். அதைத் தெரிந்துகொள்ள வேளாண்மை அலுவலகத்துக்குப் போய்வந்தார் ஆன்ட்டி. என்னையும் துணைக்கு இழுத்துக்கொண்டு போனதால் நடந்தது தெரியும். அதிகாரி ஒரு புத்தகத்தைத் திறந்து, நெல்லுக்கு இத்தனை நாள், தக்காளிக்கு இத்தனை நாள் என்று வாசித்தார்.

"இட்லிப்பூவுக்கு?" என்றார் ஆன்ட்டி.

"அது இதுல இல்லீங்கம்மா. அது சாப்பிடற பயிர் இல்ல."

"எங்க காம்பவுண்டுல சாப்புடறாங்க சார்."

அதிகாரி சிரித்தார். ஆன்ட்டி சிரிக்கவில்லை. செடியைப் பொறுத்து, மண்ணைப் பொறுத்து மாதக்கணக்கில் இருந்தாலும் இருக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியாது என்றார் அதிகாரி. உறுதியாகச் சொல்ல முடியாதென்றால் அடுத்த வருஷம் ஆயுத பூஜை வரைக்கும் என்று ஆன்ட்டியே முடிவு செய்துகொண்டார்.

வருஷம் முழுக்க நறுக்கினார். காலையில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு வேலியோரமாக நகர்ந்து நகர்ந்து மொட்டு நறுக்குவார். மழை நாளில் அதே மழைக்கோட்டு. பிள்ளைகளுக்கு அவரைக் கண்டால் ஆகாது. பூவெட்டி ஆன்ட்டி என்று பெயர் வைத்து, அவர் வீட்டுக் காலிங் பெல்லை அடித்துவிட்டு ஓடுவார்கள். பெற்றவர்களுக்கும் அலுத்துவிட்டது. அந்தம்மாவுக்கு மனநிலை சரியில்லை என்று கூடப் பேசினார்கள். நான் மறுத்துப் பேசுவேன், ஆனால் கொஞ்சம் அதிகம்தான் என்று எனக்கும் தோன்றியது. யாழினி மட்டும் தினமும் ஸ்டூலுக்குக் கொஞ்சம் தள்ளி நின்று, விட்டுப்போன மொட்டுகளைக் கைநீட்டிக் காட்டுவாள். ஆன்ட்டி அவளைக் காலையில் பார்த்ததும் "நாக்க நீட்டு" என்பார். நீட்டுவாள். "தல சுத்துதா? வவுறு வலிக்குதா?" இல்லை என்பாள். அப்புறம்தான் கத்தரிக்கோலை எடுப்பார்.

சொன்னபடியே ஆயுத பூஜை அன்று நிறுத்தினார். அடுத்த வருஷம் கணவர் இறந்துபோனார். வீட்டை விற்றுவிட்டு மகனோடு இருக்க ஓசூர் போனார். வழியனுப்ப நாலைந்து பேர் வந்தோம். யாழினி அவர் கையை விடவில்லை. காரில் ஏறுவதற்கு முன்னால் அவளை நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் ஏறினார்.

இப்போது யாழினி பத்தாம் வகுப்பு. போன ஞாயிற்றுக்கிழமை பால்கனியில் நின்று கீழே பார்த்துக்கொண்டிருந்தோம். புதிதாக வந்த வீட்டுக் குழந்தை ஒன்று வேலியோரம் நின்று இட்லிப்பூவை உறிஞ்சிக்கொண்டிருந்தது.

"ஆன்ட்டி இருந்தா மொதல்ல ஏழுமலை அங்கிள கூப்பிட்டு விசாரிச்சிருப்பாங்க," என்றேன்.

யாழினி சிரிக்கவில்லை.

"அம்மா, அன்னைக்கு நான் ரெண்டு மூணு பூன்னு சொன்னேன்ல. அது பொய். ரொம்ப சாப்பிட்டேன். யார் நெறைய குடிக்கறதுன்னு எனக்கு நானே போட்டி வெச்சுக்கிட்டு ஒரு மூலை முழுக்க. அதுக்கு முன்னாடி ஒரு வாரமும் தினம் சாப்பிட்டேன்."

அவள் தோளைப் பிடித்து என் பக்கம் திருப்பினேன்.

"ஏன்டி சொல்லல?"

"நீ அடிப்பேன்னு பயம். ஆஸ்பத்திரி பாத்ரூம்ல ஆன்ட்டிகிட்ட சொல்லிட்டேன். அம்மாகிட்ட சொல்லாதீங்கன்னு அழுதேன். டாக்டருக்கு மட்டும் சொல்லணும் கண்ணு, வேற யாருக்கும் சொல்ல மாட்டேன்னாங்க."

நான் உள்ளே போய் செல்போனை எடுத்தேன். தரைத்தளத்து ஆன்ட்டி என்றுதான் இன்னும் எண்ணைப் பதிந்து வைத்திருக்கிறேன். ஸ்பீக்கரில் போட்டேன்.

"இன்னா கண்ணு, எப்பிடி கீறீங்க எல்லாரும்?"

"ஆன்ட்டி, அந்த இட்லிப்பூ விஷயம். யாழினி அன்னைக்கு நெறைய சாப்பிட்டாளாமே. உங்ககிட்ட சொன்னாளாமே."

"அப்பிடியா? எனுக்கு ஒண்ணும் ஞாபகம் இல்லியேம்மா. ரெண்டு மூணுன்னு தான சொல்லிச்சு கொயந்த? வயசாயிப் போச்சு, ஒண்ணும் நெனப்புல நிக்கல."

யாழினி ஃபோனுக்குக் கிட்டே வந்தாள். "ஆன்ட்டி, நான் யாழினி. நானே அம்மாகிட்ட சொல்லிட்டேன்."

"நீயே சொன்னியா?"

"ஆமா."

"அடிச்சாளா?"

"இல்ல ஆன்ட்டி."

பெருமூச்சு விடுகிற சத்தம் கேட்டது. அப்புறம் பேச ஆரம்பித்தார். எந்த மூலையில் இருந்த செடி, எவ்வளவு பூ, டாக்டர் உள்ளே என்ன சொன்னார், எதெதைக் கவனிக்கச் சொன்னார், ஒன்று விடாமல் சொன்னார்.

"ராத்திரி தூக்கத்துல எதுனா ஆச்சுன்னா கூட்டியாங்கன்னு டாக்டர் சொல்லிட்டாரு. உங்கம்மாகிட்டயும் சொல்ல முடியாது, உனுக்கு வாக்கு குடுத்துட்டேன். எங்க ஊட்டுக்காரர எய்ப்பிவுட்டு, ஆட்டோ ஒண்ணு புடிச்சி கேட்டாண்ட நிறுத்தச் சொன்னேன். கீய ஸ்டூலப் போட்டு குந்திகினு விடியற வரிக்கும் உங்க ஜன்னலயே பாத்துகினு இருந்தோம் ரெண்டு பேரும். லைட்டு எரிஞ்சா ஓடியாரலாம்னு," என்றார்.

அன்று இரவு எங்கள் வீட்டில் விளக்கு எரியவில்லை. களைப்பில் நான் அடித்துப்போட்டதுபோலத் தூங்கியிருந்தேன்.